ஒன்பதரைச் சாண்

மீனம்பாக்கம் சரக்கு வளாகத்தில் நின்றுகொண்டிருந்தபோது மலையிலிருந்து மாமா போன் செய்தார். "குழி வெட்டற பசங்க கேக்கறாங்க கண்ணு, பெட்டி எவ்வளவு நீளம்?"

என்னிடம் டேப் இல்லை. சுமை இறக்கிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன், அவர்களிடமும் இல்லை. கடைசியில் குனிந்து, கையை விரித்துச் சாண் போட்டேன். நீளம் ஒன்பதரைச் சாண். அகலம் மூன்றேகால். உயரம் இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. "உன் கைச் சாணா, பெரிய ஆள் கைச் சாணா?" என்று மாமா திருப்பிக் கேட்டார். என் கைதான் என்றேன். எண் சாண் உடம்பு என்பார்கள், அவரவர் கைக்கு எட்டுச் சாண். என் சித்தப்பா என்னைவிடக் கட்டை. அவரை ஒன்பதரைச் சாண் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

இது நடந்தது 2018இல், கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் சமயம். ரியாத்தில் இறந்துபோன சித்தப்பாவை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்ய 23 நாள் ஆனது. எந்த மேசையில் எந்தக் காகிதம் கேட்பார்கள் என்று அந்த 23 நாளில் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது, யாரோ நம்பர் கொடுத்தார்கள் என்று சொல்லி எனக்குப் போன் செய்கிறார்கள். ஓமலூர், சங்ககிரி, வாழப்பாடி, ஒருமுறை அரூரிலிருந்துகூட. அவர்களுக்குச் சொல்வதை எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் காகிதத்துக்கு முன்னால் வீடு வந்து நிற்கிறது. உடம்பு வந்து சேராத சாவு வீட்டில் நாட்களை எப்படிக் கழிப்பது என்று எந்த அலுவலகத்திலும் சொல்லித்தர மாட்டார்கள்.

சித்தப்பா மலையில் வண்டி ஓட்டிப் பழகியவர். முதலில் எஸ்டேட் ஜீப், அப்புறம் காப்பிக்கொட்டையும் மிளகும் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கும் மினி லாரி. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயதில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து வளைவுகளை எண்ணச் சொல்வார். தப்பாமல் எண்ணி முடித்தால் சேலத்தில் தட்டுவடை செட் வாங்கித் தருவார். தப்பினாலும் வாங்கித் தருவார், ஆனால் ஊர் திரும்பும்வரை அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். 2009இல் ரியாத்துக்குப் போனார், தண்ணீர் லாரி ஓட்ட. "மேடும் இல்ல, வளைவும் இல்லடா. ஸ்டியரிங் திருப்பறதே மறந்துடும் போல" என்று போனில் சொல்வார். ஒன்பது வருடத்தில் மூன்று முறை ஊருக்கு வந்தார்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அவருடைய அறையில் உடன் தங்கியிருந்த ஆத்தூர்க்கார அண்ணன் அழைத்தார். டூட்டிக்கு எழுப்பப் போனவர் தொட்டுப் பார்த்திருக்கிறார். தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 46.

அன்று ஊரே வந்தது. காப்பிப் பழம் பறிக்கும் பருவம், ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று எல்லோரும் வந்தார்கள். வாசலில் தார்ப்பாய் கட்டி, நாற்காலி போட்டார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆனால் சுற்றி உட்கார்ந்து அழ நடுவில் ஆள் இல்லை. யாரோ அவருடைய போட்டோவை எடுத்து வந்து மாலை போடப் போனபோது ஆயா தடுத்துவிட்டது. "மாலை போடாதீங்க. அவன் வரட்டும்." ஆயா என்றால் என் அப்பாவின் அம்மா. அந்த 23 நாளும் வீட்டை நடத்தியது அதுதான்.

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் உடம்பை எடுக்கும்வரை அடுப்பு பற்ற வைப்பதில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வரும். மூன்று நாள் வந்தது. நான்காம் நாளும் வந்தது, ஆனால் கொண்டுவந்தவர்கள் முகத்தில் ஒரு தயக்கம். அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எத்தனை நாளைக்கு என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் ஆயா சித்தியைக் கூப்பிட்டு, "அடுப்பைப் பத்த வை. பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது, வெறும் வயித்தோட படிக்க முடியாது" என்றது. பெண் பன்னிரண்டாம் வகுப்பு, பையன் எட்டாவது. அடுப்பு எரிந்தது. ஆனால் ஆயா அந்த அடுப்பில் ஆக்கியதைத் தொடவில்லை. கடைசி நாள்வரை பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சொம்பு கம்பங்கூழ் வாங்கிக் குடித்தது, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஒரு வழி, தனக்கு ஒரு வழி என்று பிரித்துக்கொண்டது.

இன்னொன்று சித்தியின் பொட்டு. உறவில் சில பெண்கள் காதோடு காதாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். புருஷன் போய் ஒரு வாரம் ஆகிறது, நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, இது என்ன முறை என்று. ஆயா காதில் விழுந்ததும் ஒரே பேச்சில் முடித்துவிட்டது. "எடுக்கறது எல்லாம் அவன் வந்தப்பறம். அவன் இல்லாம அவன் பொருளை நீங்க யாரும் எடுக்கக் கூடாது." அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் கபீல், அதாவது அங்கே சித்தப்பாவுக்கு வேலை கொடுத்தவர், பேசினார். ஆத்தூர் அண்ணன் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தார். உடல் அரசு மருத்துவமனை பிணவறையில் இருக்கிறது, எல்லாச் செலவும் தன்னுடையது என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, அங்கேயே மரியாதையாக அடக்கம் செய்துவிடலாம், சில நாளில் முடிந்துவிடும், குடும்பம் என்ன சொல்கிறது என்று கேட்டார். சவூதியில் எரிக்க முடியாது, புதைப்பதுதான். அதற்கும் இங்கிருந்து குடும்பத்தின் எழுத்து வேண்டும். அவர் தவறாக ஒன்றும் கேட்கவில்லை. அங்கே இறக்கும் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் நடக்கிறது. அப்பாவுக்கே அரை மனது அந்தப் பக்கம் சாய்ந்தது, வெளியே சொல்லவில்லை. ஆயாவிடம் கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. "மண்ணு எங்க இருந்தாலும் மண்ணுதான் சாமி. ஆனா நான் முகம் பாக்கணும்."

அங்கேயே அடக்கம் செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். கடன், நாள் கணக்கு, பெட்டியைத் திறந்தால் என்ன பார்ப்போமோ என்ற பயம், எல்லாம் இருக்கும். அவர்களை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது.

சரி, காகிதத்துக்கு வருகிறேன்.

முதலில் சம்மதக் கடிதம். முத்திரைத்தாளில், நோட்டரி கையெழுத்தோடு. இறந்தவரின் பாஸ்போர்ட் எண், இக்காமா எனும் சவூதி வசிப்பு அனுமதி அட்டையின் எண், வேலை கொடுத்தவர் பெயர், உடலை ஊருக்கு அனுப்புவதா அங்கே அடக்கமா, அங்கே நம் சார்பில் காகிதம் வாங்க யாருக்கு அதிகாரம் கொடுக்கிறோம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். வாரிசுகள் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வரியை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். சம்பள பாக்கியை வாங்கிக்கொண்டோம், இனிமேல் எதற்கும் உரிமை கோர மாட்டோம் என்கிற மாதிரி ஏதாவது இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு டைப் அடித்தவர் பழைய கடிதம் ஒன்றைப் பார்த்து அடித்ததில் அந்த வரி தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பழக்கம். நான் படித்துப் பார்க்காமல் விட்டிருந்தால் ஒன்பது வருட வேலைக்கான பணம் போயிருக்கும்.

அந்தக் கடிதத்துக்காகச் சித்தியும் ஆயாவும் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். சித்திக்கு ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ஆயா. டைப் அடித்தவர் சரிபார்க்க வாசித்தார். வயது, முகவரி, அப்புறம் "காலஞ்சென்றவரின் விதவை மனைவி" என்ற இடத்தில் தலையைத் தூக்கிச் சித்தியின் நெற்றியைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி காகிதத்தைப் பார்த்தார். சித்தி மெதுவாக, "அத்தை சொல்லியிருக்காங்க, அவர் வந்து சேர்ற வரைக்கும்னு" என்றார். அவர் சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, பேனாவைத் துடைத்துச் சித்தி கையில் கொடுத்தார். ஆயாவுக்குக் கைநாட்டு. மை போக விரலைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டது. அந்தக் கறை அந்தச் சேலையில் கடைசிவரை போகவில்லை.

ஆனால் அந்தக் கடிதம் செல்லவில்லை. ரியாத்திலிருந்து திருப்பிவிட்டார்கள். பெயர்தான் காரணம். பாஸ்போர்ட்டில் சித்தப்பாவின் பெயர் "அன்" விகுதியோடு முழுசாக, அதற்குப் பின்னால் தாத்தாவின் பெயர் முழுசாக. ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் "அன்" இல்லை, தாத்தா வெறும் ஒரு எழுத்து. நமக்கு இனிஷியல் என்பது ஒரு எழுத்து. பாஸ்போர்ட்டுக்கு அது ஒரு ஆள். இரண்டு பெயரும் ஒரே நபரைத்தான் குறிக்கின்றன என்று ஒரு சான்று, வாரிசுச் சான்றிதழில் திருத்தம், மறுபடி முத்திரைத்தாள், மறுபடி நோட்டரி. ஏற்காடு தாலுகா அலுவலகத்துக்கும் சேலத்துக்குமாக ஆறு நாள் போனது. கிராம நிர்வாக அலுவலர் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார், அவரை மறக்கவே மாட்டேன். அந்த ஆறு நாளும் சித்தப்பா பிணவறையில் இருந்தார், ஒரு "அன்" விகுதிக்காக.

வெளிநாட்டில் ஆள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் நான் சொல்வது இதுதான்: இன்றைக்கே பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனைவியின் பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் கணவர் பெயர் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். சாவைப் பேசுவது அபசகுனம் என்று நினைத்தால், பேங்க் கணக்குக்காக என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். "உடலை மீட்டுத் தரக் கோரி ஆட்சியரிடம் மனு" என்று பேப்பரில் வாரம் ஒரு செய்தி வருமே, அந்த வரிசையில் நாங்களும் நின்றோம். முன்னால் நின்றவர் பட்டா மாறுதலுக்கு வந்தவர், பின்னால் ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகைக்கு. எங்கள் மனுவைக் கேட்டதும் பாட்டி தன் டோக்கனை நீட்டி, "நீங்க முன்னால போங்க தாயி" என்று சித்தியிடம் சொன்னது. அங்கிருந்து மனு சென்னைக்குப் போகும், அயல்நாட்டுத் தமிழர் நலனைப் பார்க்கும் ஆணையரகம் தூதரகத்துக்கு எழுதும். அதோடு வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்திலும் பதிந்தேன். 2015இல் ஆரம்பித்தது, புகார் எண் கிடைக்கும், யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டுக்கும் ஒரு பைசா செலவு இல்லை.

செலவு வேறு இடத்தில் ஆனது. சேலத்தில் ஒருவர், ரியாத்தில் தனக்குப் பெரிய ஆள்கள் பழக்கம், பத்து நாளில் உடல் வந்துவிடும் என்று சொல்லி அப்பாவிடம் 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். அப்பா பெட்டிக்கடையை அடகு வைக்காத குறையாகப் புரட்டிய பணம். அவர் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. பிறகு போனையும் எடுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவன் யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்வான், அது தெரிந்தே கை நீட்டுகிறார்கள். சவூதித் தொழிலாளர் சட்டப்படி உடலைத் தயார்செய்து ஊருக்கு அனுப்பும் செலவு வேலை கொடுத்தவருடையது, அங்கேயே அடக்கம் செய்யக் குடும்பம் சம்மதித்தால் தவிர. அவர் கைவிரித்தால் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது, வசதியில்லாதவர்களின் உடலை அனுப்ப அதிலிருந்து எடுக்கலாம். இது முன்பே தெரிந்திருந்தால் அப்பா அந்தப் படியை ஏறியிருக்க மாட்டார்.

ரியாத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை, வாட்ஸ்அப்பில் கேட்டேன். மருத்துவமனைக் காகிதம், போலீஸ் காகிதம், இறப்புச் சான்று, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, பாஸ்போர்ட்டில் ரத்து முத்திரை, உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றும் எம்பாமிங், பெட்டி, விமானச் சரக்கு பதிவு. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும். வெள்ளி, சனி அங்கே விடுமுறை. நமக்கு ஞாயிறு. இரண்டு பக்கமும் அலுவலகம் திறந்திருப்பது வாரத்தில் நாலு நாள்தான். ஆத்தூர் அண்ணன் 11 நாள் சம்பளம் இல்லாமல் விடுப்புப் போட்டு அலைந்தார். கூடவே மலையாளி ஒருவர். சித்தப்பாவை உயிரோடு பார்த்ததே இல்லாதவர், இதையே ஊழியமாகச் செய்பவர். இப்படிப்பட்டவர்கள் வளைகுடா முழுக்க இருக்கிறார்கள். அஜ்மானில் இருக்கும் அஷ்ரஃப் தாமரசேரி ஆயிரக்கணக்கான உடல்களை இப்படி அனுப்பி வைத்தவர், 2015இல் இந்திய அரசு அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருது கொடுத்தது. எங்களுக்கு உதவியவருக்கு விருது எதுவும் இல்லை. நன்றி சொல்லப் போன் செய்தபோது, "அம்மயிடம் பறயணும், முகம் நன்னாயிட்டு உண்டு" என்றார். அம்மாவிடம் சொல்லுங்கள், முகம் நன்றாக இருக்கிறது. அவர் சொன்னது அது ஒன்றுதான். அதுதான் எங்களுக்கும் வேண்டியிருந்தது.

மீனம்பாக்கத்தில் ஏர்வே பில் என்கிற விமானச் சரக்குச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். எண்ணிக்கை 1. எடை 118 கிலோ. பொருளுக்கான இடத்தில் மூன்று எழுத்து, ஹெச், யூ, எம். மனித உடலுக்குச் சரக்கு மொழியில் அதுதான் பெயர். ஒன்பது வருடமாகத் தண்ணீர் சுமந்தவர், இப்போது அவரே ஒரு சுமை. அந்தக் காலத்தில் பல விமான நிறுவனங்களில் பெட்டியோடு சேர்த்து எடை போட்டுத்தான் கட்டணம். அது வளைகுடாவில் இருந்தவர்கள் மனதைப் பெரிதாகப் புண்படுத்தியது, நிறையப் பேர் குரல் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் ஏர் இந்தியா எடை போடுவதை நிறுத்தி, அமீரகத்திலிருந்து பெரியவர்களுக்கு 1,500 திர்ஹம், 12 வயதுக்குக் கீழே 750 என்று ஒரே கட்டணமாக்கியது. எங்களுக்கு ஒரு மாதம் பிந்திவிட்டது.

விமான நிலையச் சுகாதார அதிகாரி காகிதங்களைப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்று, எம்பாமிங் சான்று, தூதரகத் தடையில்லாச் சான்று, ரத்தான பாஸ்போர்ட் நகல், இந்த நான்கும். அப்போது இதையெல்லாம் ஆள் மாற்றி ஆள் அனுப்ப வேண்டும். 2023 ஆகஸ்டில் மத்திய அரசு இதற்கென்றே இகேர் என்று இணையதளம் திறந்துவிட்டது, இப்போது அதில் ஏற்றுகிறார்கள். அப்புறம் சுங்கம், அப்புறம் கையெழுத்து. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பெட்டி வெளியே வந்தது. அந்த நேரத்தில்தான் மாமா போன் செய்து நீளம் கேட்டார்.

ஆம்புலன்ஸில் பின்னால், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி. பெட்டியை இரண்டு பட்டையால் கட்டியிருந்தும் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு கை தானாகப் போய் அதைப் பிடித்தது. ஆத்தூர் தாண்டும்போது ராத்திரி இரண்டு மணி இருக்கும். பைபாஸ் ஓரமாக ஒரு பெண்ணும் ஒரு பெரியவரும் டார்ச் அடித்து வண்டியை நிறுத்தினார்கள். ஆத்தூர் அண்ணனின் மனைவியும் அவர் அப்பாவும். அந்தக் குளிரில் எவ்வளவு நேரம் நின்றார்களோ. அவர் கையில் ஒரு பிளாஸ்க், ஒரு சம்பங்கி மாலை. "எங்க வீட்டுக்காரரோட ஒன்பது வருஷம் ஒரே ரூம்ல இருந்தவருங்க. ஒருநாள்கூட நான் பாத்ததில்ல" என்றார். மாலையைப் பெட்டியின் மேல் வைத்துத் தொட்டுக் கும்பிட்டார். ஆயா மாலை போட வேண்டாம் என்று சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அவன் வரட்டும் என்றுதானே சொன்னது. வந்துவிட்டாரே. சித்தப்பாவுக்கு விழுந்த முதல் மாலை அதுதான்.

அடிவாரம் சேர்ந்தபோது இன்னும் விடியவில்லை. ஆயா போனில் பேசியது. "மலை ஏற ஆரம்பிச்சிட்டீங்களா? வளைவு வளைவா அவன்கிட்ட சொல்லிக்கிட்டே வா சாமி. படுத்துக்கிட்டு வர்றவனுக்கு வழி தெரியாது."

சொன்னேன். முதல் வளைவில் குரலே வரவில்லை. இரண்டாவதிலிருந்து வந்தது. "சித்தப்பா, ரெண்டாவது வளைவு. சித்தப்பா, மூணாவது." டிரைவர் சென்னைக்காரர், அந்தப் பாதையில் முதல் தடவை. ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்து, முதல் கியரில் மெல்லத் திருப்பினார். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நெஞ்சில் முட்டும், அடுத்த வளைவில் அந்தப் பக்கம் போகும். அறுபதடிப் பாலத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, அதையும் சொன்னேன். பனி இறங்கி, கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. பதினொன்றா பன்னிரண்டா என்று எனக்குத் தப்பிவிட்டது. வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். முன்னாலிருந்து டிரைவர், "போர்டுல பன்னெண்டுன்னு போட்டிருக்கு சார்" என்றார். அவரும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். "சித்தப்பா, பன்னெண்டு" என்றேன். எண்ணிக்கை தப்பியதற்கு அவர் இருந்திருந்தால் ஊர்வரை சொல்லிக் காட்டியிருப்பார்.

நாகலூர் சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்தோடு ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. அங்கிருந்து பிக்கப், கடைசியில் தோள். காப்பிச் செடிகளுக்கு நடுவே, சவுக்கு மர நிழலில் பன்னிரண்டு பேர் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள்.

மரப் பெட்டிக்குள் துத்தநாகத் தகடு போட்டுப் பற்றவைத்திருப்பார்கள். மூடியின் திருகாணிகளைக் கழற்றிய பிறகு, தகரம் வெட்டும் கத்தரியால் முகத்துக்கு நேராக மட்டும் வெட்டினார்கள். மருந்து வாடை முகத்தில் அடித்தது. வெள்ளைத் துணியை விலக்கினால் சித்தப்பா. கொஞ்சம் கறுத்திருந்தார், கன்னம் ஒடுங்கியிருந்தது, மீசை அப்படியே. அந்த மலையாளி சொன்னது பொய்யில்லை. ஆயா விரலால் கன்னத்தைத் தொட்டது. "என்னடா இவ்வளவு சில்லுனு இருக்க" என்றது. பிள்ளை மழையில் நனைந்து வந்தால் சொல்வதைப் போலத்தான் சொன்னது. அப்புறம்தான் சித்தி, அப்புறம் பிள்ளைகள். இருபத்து மூன்று நாளாக அடைத்துக்கிடந்தது அன்றுதான் உடைந்தது. அந்த அழுகையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

உடம்பை வெளியே எடுக்க வேண்டாம், பெட்டியோடு வைத்துவிடுவோம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மாமா என் கணக்கை நம்பாமல், தன் கைக்கு ஒன்பதரைச் சாண் போட்டுக் குழி வெட்டச் சொல்லியிருந்தார். அவர் கை என் கையைவிடப் பெரியது. இறுகிய செம்மண், கடப்பாரைக்கே மசியாத மண். பையன்கள் ராத்திரி முழுக்க வெட்டியிருந்தார்கள். பெட்டி எந்தப் பக்கமும் இடிக்காமல் இறங்கியது.

நாளை எங்கிருந்து எண்ணுவது என்று ஒரு பேச்சு வந்தது. இறந்த நாளிலிருந்து என்றால் பதினாறு எப்போதோ முடிந்துவிட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர், "மண்ணுக்குப் போன நாள்தான் கணக்கு" என்றார். அப்படியே மூன்றாம் நாள் பால் தெளித்து, பதினாறாம் நாள் கருமாதி செய்தோம். பொட்டை எடுக்கும் நேரத்தில் ஆயா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு வேணாம்னா எடுக்காத" என்றது. சித்தியே எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் போகும்போது பெண் மட்டும் இரண்டு நாள் அம்மா முகத்தைப் பார்க்காமல் போனாள்.

சித்தப்பாவுக்கு வர வேண்டியிருந்த பணம் பதினான்கு மாதம் கழித்துத் தூதரகம் வழியாக ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து, வாரிசுகளுக்குக் கிடைத்தது. பெண் நர்சிங் படித்தது அதில்தான். காப்பீடு எதுவும் இல்லை. குடியேற்ற அனுமதி வாங்கிப் போகும் தொழிலாளர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தால் 10 லட்சம். போகும்போது எடுத்திருந்தார், காலம் முடிந்த பிறகு புதுப்பிக்கவில்லை. மாரடைப்பு அதில் வராது என்றாலும், புதுப்பித்து வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

2024 ஜூன் 12 விடியற்காலை குவைத்தில் மங்காஃப் கட்டிடம் எரிந்தபோது குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தார்கள், அதில் ஏழு பேர் தமிழர்கள். இரண்டே நாளில், 14ஆம் தேதி, விமானப்படை விமானம் அவர்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. ஆம்புலன்ஸ்கள் வரிசையாகக் காத்திருந்ததை டிவியில் பார்த்தேன். அப்படித்தான் செய்ய வேண்டும், செய்தார்கள். எல்லோரும் சேர்ந்து மனது வைத்தால் எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அன்று தெரிந்தது. ஒற்றை ஆளாகத் தூக்கத்தில் இறப்பவனுக்கு அந்த வேகத்தில் பாதியாவது கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

போன மாதம் ஓமலூர் பக்கத்திலிருந்து ஒருவர் அழைத்தார். மைத்துனர் தமாமில் இறந்துவிட்டார், முந்தின நாள் ராத்திரி செய்தி. பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், படித்துக் காட்டினார். சம்மதக் கடிதத்தில் எந்த வரி இருக்கக் கூடாது என்று சொன்னேன். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுகிறார் என்று குரலில் தெரிந்தது, பின்னால் குழந்தைகள் சத்தம். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். வைக்கப் போனவர் தயங்கி, "இன்னொண்ணு கேக்கணுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்.

"கேளுங்க."

"வீட்டுல அடுப்பு பத்த வைக்கலாங்களா?"

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். மூன்று, கடைசிக்கு நாலு வயது என்றார். எங்கள் ஆயா போய் இரண்டு வருடம் ஆகிறது. அது நான்காம் நாள் சாயங்காலம் சொன்னதை அப்படியே அவருக்குச் சொன்னேன்.